ஆலைச் சத்தம் குடியேறிய கிதார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் சத்தம் மட்டும் நின்றுபோனது. ஆலை நிற்கவில்லை. உலை எரிந்தது, செக்கச்செவேலென்று கம்பி ஓடியது, புகையும் வழக்கம்போல ஆந்திரா பக்கம் போனது. சத்தம் மட்டும் மதிலைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அன்புசெல்வன் மடியில் வைத்திருந்த கிதாருக்குள் புகுந்துகொண்டது.

அன்புசெல்வனுக்கு ஊரில் பெரிய மரியாதை கிடையாது. அவன் பாட்டு வாசிப்பவன் அல்ல. ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து, அந்த ஒரே ஒலியை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டு போவான். அவனே பதிவுசெய்து, அவனே இணையத்தில் ஏற்றுவான்; உலகம் முழுக்கப் பதினெட்டுப் பேர் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது, பந்தி முடியும்வரை ஆட்கள் வந்து எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று அவன் வாசித்தது மனைவி ஜோதிலட்சுமிக்காக. மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் அவளுக்கு நிரந்தர நைட் ஷிப்ட். பகலில் தூங்கவேண்டியவள், மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு அலறியதில் நான்கு வருடமாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அவ்வளவுதான். போன வாரம் பிரஸ் மெஷினில் கையை வைத்தபடியே கண்ணயர்ந்தாள். நூலிழையில் விரல் தப்பியது. அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அலறலின்மேல் மெல்லிய ஒலியைப் போர்வையாக விரிக்கலாம் என்றுதான் தந்தியைத் தொட்டான். சத்தமே வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. படகில் ஏரித் தண்ணீர் உரசுவதுபோல ஒரு முனகல்தான் வெளியே வந்தது. ஜோதிலட்சுமி நாலரைவரை தூங்கினாள். அவன் பெடலிலிருந்து காலை எடுக்காமலே அழுதான்.

எலக்ட்ரிக் ட்ரெயினில் வந்த இரண்டாம் ஷிப்ட்காரர்கள், ஆலையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஃபோர்மேன் முனிகிருஷ்ணன் இருபத்தாறு வருடமாகக் காதை வைத்தே ஆலையை ஓட்டியவர். பேரிங் தேய்ந்தால் சத்தம் மாறும். அதைக் கேட்கத் தவறினால் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி ஆள்மேல் பாயும். மூன்றாம் நாள் சத்தத்தைத் தேடிக்கொண்டு அன்புசெல்வன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னா நைனா, எங்க சத்தத்த நீயா வச்சிக்கினு கீற? அங்க ஒண்ணும் கேக்கல, பேஜாரா கீது. திருப்பிக் குடுத்துடு.”

“குடுத்துட்றேண்ணா. அவ எழுந்துக்கட்டும், ஒரு மணி நேரம்.”

முனிகிருஷ்ணன் பாயில் தூங்கியவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவர் முகம் மாறியது. முனகலுக்கு நடுவே ஒரு கரகரப்பு. ஆலைக்குள் நின்று இவ்வளவு தெளிவாக அவர் எதையும் கேட்டதில்லை. “மூணாவது ரோலர் ஸ்டாண்டுல பேரிங் போவுது, உடனே நிறுத்து” என்று போனில் கிசுகிசுத்தார். பிரித்துப் பார்த்தபோது பேரிங் பிளந்திருந்தது. அந்த வரிசையில் நின்ற ஆறு பேரும் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

மூன்று வருடமாகிறது. முனிகிருஷ்ணன் காதில் பகலெல்லாம் ஹெட்போன் இருக்கிறது, அதில் அன்புசெல்வனின் கிதார் இணையம் வழியாக நேரலையில் ஓடுகிறது. இணையத்தில் கேட்பவர்கள் இப்போது பத்தொன்பது பேர். நாலரைக்கு அவன் பெடலிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் மதில் ஏறித் திரும்பிப் போகும். அதைக் கேட்டுத்தான் டீக்கடையில் வடைக்கு எண்ணெய் வைக்கிறார்கள். எப்போதாவது வாசிப்பு தடுமாறினால் உடனே அன்புசெல்வனின் போன் அதிரும்.

“பேரிங்கா, வெரலா?”

“வெரல்ணா.”

“சரி, வாசி.”

ஜோதிலட்சுமி புரண்டு படுப்பாள்.