ஒண்ணுமில்ல என்று சொன்ன முயல்

பல்கலைக்கழக ஆய்வு விலங்குக் கூடத்தின் பதினேழாம் கூண்டு முயல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பேசியது. சொன்னது ஒரே வார்த்தை: "ஒண்ணுமில்ல." குரல், செத்து ஏழு வாரமாகியிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது.

குரலை அடையாளம் சொன்னவள் அவர் மனைவி. பதினோரு வருடமாக அங்கே முயல்களின் வலிக்கு மார்க் போடுகிறவள். அதனால் எல்லோருக்கும் மார்க்கக்கா. கண் சுருக்கம், கன்னம், மூக்கு, மீசை, காது, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை. மொத்தம் நான்கைத் தாண்டினால் வலிமருந்து. முயல் லேசில் காட்டிக்கொடுக்காது. நோஞ்சான் என்று தெரிந்தால் யாராவது தின்றுவிடுவார்கள் என்கிற பயம் அதன் ரத்தத்திலேயே உண்டு. அவள் கண்ணுக்கு மட்டும் தப்பாது. பேராசிரியர்களே அவள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் கோட்டை விட்டாள். கடைசி எட்டு மாதம் கணவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினார், ஷூ மாட்டும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னங்க பண்ணுது?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். இவருக்குத்தான் வாய் இருக்கிறதே, வலித்தால் சொல்லமாட்டாரா என்று இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று முற்றியிருந்தது.

முயல் பேசியதில், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குத்தான் தலைவலி. ஆபரேஷன் முடிந்த முயல், மார்க் பத்துக்கு எட்டு. ஆனால் வலியில்லை என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும்போது மருந்து கொடுப்பது அதன் விருப்பத்தை மீறுவதாகாதா? இரண்டு முறை டீ வந்துபோகும்வரை விவாதித்தார்கள். பேசியது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அது அவர்கள் துறையல்ல. கடைசியில் குழுவிலிருந்த தத்துவப் பேராசிரியர், மார்க்கை விளக்க வந்திருந்த அவளைப் பார்த்தார். "அதுவே சொல்லுதேம்மா, அப்புறம் என்ன?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்" என்றாள். அங்கேயே அழுதாள்.

மருந்துக்குக் கையெழுத்தானது. விதிப்புத்தகத்திலும் ஒரு வரி சேர்ந்தது: விலங்கு பேசினாலும் முகத்தைப் பார்க்கவும்.

அந்த வாரம் அவள் செல்போனில் இருந்த கணவரின் கடைசிப் படத்துக்கு மார்க் போட்டாள். நாத்தனார் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். மீசைக்குக்கூடப் போட்டாள். மனுஷக் காது அசையாது என்பதால் அதை விட்டுவிட்டாள். எட்டுக்கு ஏழு. எடுத்ததே அவள்தான், படம் நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லவும் செய்தாள்.

ஆய்வு முடிந்ததும் முயலை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு வருடமாகிறது. அதற்கும் வயதாகி மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் கூண்டருகே மண்டிபோட்டு அதன் முகத்தைப் பார்க்கிறாள்.

"எங்கங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல."

"சரி, வாயத் தொறங்க" என்று மருந்தைப் புகட்டுகிறாள்.