மேக் பார்க்காதவர்கள்

அனந்தபத்மநாபன் சொன்னது தப்பென்று நான் சொல்லவே இல்லை. மேக் கம்ப்யூட்டரில் பழகியவன் செட்டிங்ஸை எங்கே தேடுவானோ அங்கேதான் அது இருக்க வேண்டும், விண்டோஸ்காரனுக்கு அவன் பழக்கப்படி இருக்க வேண்டும் என்றார். எங்கள் பில் போடும் மென்பொருளுக்கு மெனு வரைகிறவர் அவர். நியாயம்தான். ஆனால் பொம்மனஹள்ளி ஆபீஸில் போன் எடுத்துப் பதில் சொல்கிற எங்களுக்கெல்லாம் விண்டோஸ் டப்பா மட்டும்தானே கொடுத்திருக்கிறார்கள்!

"ஒரே ஒரு மேக் குடுங்க சார். கண்ணால பாத்தாத்தானே வாயால சொல்ல முடியும்?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறேன் ஷோபா, அது போதும்" என்றார். அதுவும் வரவில்லை.

சாந்தகுமாரி என் டீமில் புதிதாகச் சேர்ந்த ஜோகுபாளையத்துப் பெண். அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்த பிறகு வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அடுத்த வாரம் வேலை நிரந்தரமாக வேண்டியது.

ஒரு நாள் மேக் வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பில்லில் கடை முகவரியை மாற்ற வேண்டுமாம்.

"எடிட் மெனுல கடைசியா செட்டிங்ஸ் இருக்கும் பாருங்க சார்" என்று தன் விண்டோஸ் திரையைப் பார்த்துச் சொன்னாள் சாந்தகுமாரி. இல்லை என்றார். "இருக்கும் சார், நல்லா பாருங்க." அவர் கத்த ஆரம்பித்தார். பதில் தெரியாதபோது நாங்கள் எல்லோரும் சொல்வதையே அவளும் சொன்னாள். "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்." அதற்குள் நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம், வேறொன்றுமில்லை. அந்த ஆள் கோபத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, சேமிக்காத பில்லெல்லாம் போயே போய்விட்டது.

மறுநாள் எங்கள் மேனேஜர் டேரில் சார் என்னையும் சாந்தகுமாரியையும் அனந்தபத்மநாபனையும் அறைக்குக் கூப்பிட்டு, பில் போனதற்காக சாந்தகுமாரி இனி வர வேண்டாம் என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

"மேக்கையே பாக்காத பொண்ணு சார் அது! நான் கேட்டேனா இல்லையா?" என்று அனந்தபத்மநாபனைப் பார்த்துக் கத்தினேன். அவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தகுமாரி எழுந்தாள். "அந்தக் கஸ்டமருக்குப் பழகின எடத்துல மெனு இருக்கணும்னு எவ்ளோ யோசிச்சீங்க சார். எங்களப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல? எங்கப்பாக்கு நான் என்ன சொல்றது?"

டேரில் தண்ணீர் குடித்தார். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள்.

அனந்தபத்மநாபன் மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான கவலை.

"ஷோபா, அந்த கஸ்டமருக்குக் கடைசில மெனு கெடச்சுதா?"