விரல் நுனியில் வெள்ளி

இடது கை ஆட்காட்டி விரலின் நுனியில் அந்த வெள்ளி நாணயம் தராசுத் தட்டைப் போல லேசாக ஆடியபடி நிற்க, வலது கையிலிருக்கும் இன்னொரு நாணயத்தின் விளிம்பால் அதை மெல்லத் தட்டிவிட்டு மாதேஸ்வரன் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார், டக், அவ்வளவுதான், அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை, வரவேண்டும், வெள்ளி என்றால் தட்டிய பிறகுதான் பேசவே ஆரம்பிக்கும், கிணீரென்று எழும்பி, மெலிந்து மெலிந்து, முடிந்ததா இல்லையா என்று தெரியாத இடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும், ஈயம் கலந்த போலிதான் டக்கென்று வாயை மூடிக்கொள்ளும், ஐம்பது வருஷமாக இந்த விரலும் இந்தக் காதும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை, ஆகவே மாற்றிவிட்டான், வேறு யார், மாப்பிள்ளை ஞானவேல்தான் மாற்றிவிட்டான், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், அச்சு எடுப்பதும் வார்ப்பதும் மெருகு போடுவதும் அவனுக்குக் கைவந்த வேலை, அவன் கையில் போய் நாணயத்தைக் கொடுத்தது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிட்டது.

சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக வந்த பத்து ரூபாய் வெள்ளி அது, வந்தபோது இவருக்கு இருபது வயது, நூல்மில்லில் சேர்ந்த புதிது, நோட்டை மாற்றப் போன இடத்தில் வங்கிக் காசாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, வெள்ளி தம்பி, செலவு பண்ணிராத, என்று நீட்டியது, அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், அதற்கப்புறம் எந்த விழாவுக்கு, எந்தத் தலைவருக்கு, எந்த நூற்றாண்டுக்கு வெள்ளி வெளியானாலும் வீட்டில் அடுப்பெரிகிறதோ இல்லையோ இவர் பெட்டிக்கு ஒன்று வந்துவிடும், துடைக்கக் கூடாது, புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது, தட்டிப் பார்க்கலாம், அது ஒன்றுதான் அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சலுகை, மில்லில் நூல் நூற்கும் இருநூறு கதிர்கள் ஒருசேர அலறும்போது எந்தக் கதிரில் எண்ணெய் வறண்டிருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார், கூட வேலை செய்தவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், இவர் சிரிப்பார், பஞ்சு இருக்கறது நூல் நூக்கறதுக்குடா, காதுல அடைக்கறதுக்கு இல்ல, முப்பத்தெட்டு வருஷம் அப்படியே சிரித்தார், கல்யாணமான புதிதில் பாவாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் காதுக்குப் பக்கத்தில் அந்த நாணயத்தைத் தட்டினார், அவள் கண்ணை மூடிக்கொண்டு, கோயில் மணி அடிச்சு முடிச்சப்பறம் கேக்குமே, அதாட்டம் இருக்குதுங்க, என்று சொல்கிறாள், சொல்லிவிட்டு வெட்கப்படுகிறாள், அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருக்கிறது, அந்தச் சத்தத்தைத்தான் ஞானவேல் திருடிக்கொண்டு போய்விட்டான்.

ஆடித் திருவிழாவுக்கு வந்திருந்தபோதுதான் நடந்தது, இந்த நாணயத்தை வாங்கி, வெளிச்சத்துல பாக்கறனுங்க மாமா, என்று வாசலுக்கு எடுத்துப் போனான், போனவன் உடனே திரும்பவில்லை, அன்றைக்குத் தோன்றவில்லை, ஆவணியில் ஒரு பகலில் தட்டிப் பார்த்தபோது டக் என்றது, தராசில் வைத்தார், எடை இம்மி பிசகவில்லை, அதுவே சந்தேகத்தைக் கிளறியது, பட்டறைக்காரனுக்கு எடையைச் சரிக்கட்டத் தெரியாதா என்ன, கடைவீதியில் நகைக்கடைக்காரர், உரசிப் பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிப்புடலாமுங்க, என்று உரைகல்லை எடுத்தார், நினைவு நாணயத்தின் முகத்தில் கீறல் போடுவதாவது, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார், வந்து மற்றவற்றைத் தட்டினார், ஒன்று டக், இன்னொன்று டக், அவன் தொடாததும் டக், அப்படியென்றால் இவர் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறான், பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தது யார், குளிக்கப் போகும்போது சாவி ஆணியில் தொங்குவது பாவாயிக்குத்தானே தெரியும், மகள் வீட்டுக்காரன் என்றால் அவளுக்குக் கை தாராளம், அன்றிலிருந்து சாவி அரைஞாண் கயிற்றுக்குப் போனது, காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்றது உங்களுக்குத்தானுங்க பொருந்தும், என்று அவள் முனகியபடி நடக்கிறாள், முனகல்தான், இப்போதெல்லாம் வாயைத் திறந்து பேசுவதே இல்லை அவள், எதையோ மறைக்கிறாள், உலகமே அப்படி ஆகிவிட்டது, தெருவெல்லாம் சிமெண்ட் போட்டு ஒரு சில்வண்டுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள், கொசுவுக்குக்கூட யோக்கியதை போய்விட்டது, முன்பெல்லாம் காதருகே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடிக்கும், இப்போது திருட்டுத்தனமாகக் கடித்துவிட்டுப் போகிறது.

மாப்பிள்ளையை நேராகக் கேட்க முடியுமா, பெண்ணைக் கொடுத்தவன் வாய்க்குப் பூட்டு, ஆனால் உள்ளே கொதிப்பது எப்படியும் ஒரு நாள் பொங்கத்தான் செய்யும், ஐப்பசி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலை போட்டுக் கறிச்சோறு, ஞானவேல் இரண்டாவது தடவை குழம்பு விட்டுக்கொண்டிருக்கிறான், மகள் தமயந்தி பரிமாறுகிறாள், இவர் இலையைப் பார்த்தபடியே கேட்கிறார், ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு காசக் குடுத்தா அதே மாதிரி இன்னொண்ணு வார்க்க உங்க பட்டறையில எத்தன நேரம் புடிக்கும், பிசைந்த கை நின்றது, எதுக்குக் கேக்கறீங்க மாமா, சும்மாதானுங்க, காசெல்லாம் ஊமையாப் போயிருச்சு, அதான், ஞானவேல் பாதிச் சோற்றில் இலையை மடித்தான், கையைக் கழுவினான், செருப்பை மாட்டினான், தமயந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெத்த அப்பனாச்சேன்னு பாக்கறனுங்கப்பா, அவரு வராத வாசல்ல இனி நானும் கால் வெக்க மாட்டேன், என்றாள், அவள் குரலும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது, இதோ நாலு நாளில் தீபாவளி, மகள் வராத தீபாவளிக்குப் பாவாயி யாருக்கென்று தெரியாமல் முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள், மாவோடு கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள், பார்க்க இவருக்கும் வயிறு எரிகிறது, ஆனால் திருட்டு திருட்டுதானே.

அதற்குத்தான் இன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்யப் போகிறார், பெட்டியின் அடியில் ஒன்று இருக்கிறது, அரசு நாணயச்சாலையிலிருந்து அஞ்சலில் வந்த வெள்ளி, வந்தபடியே கண்ணாடித்தாள் உறை பிரிக்காமல், முத்திரை உடையாமல், அதை எவனும் தொட்டிருக்க முடியாது, அதன் சத்தத்தையும் ஊமையாகிப்போன இவற்றின் சத்தத்தையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் திருட்டு பட்டப்பகல் வெளிச்சத்துக்கு வந்துவிடும், ஆனால் முத்திரை உடைத்த நாணயத்தைச் சேகரிப்பவன் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், உடைப்பதென்றால் அதைக் கொல்வது, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார், கைக்குட்டையால் விளிம்பைப் பிடித்து எடுத்தார், கண்ணாடியைப் போல முகம் தெரிந்தது, கிழட்டு முகம், விரல் நுனியில் நிறுத்தினார், தட்டினார்.

டக்.

நாணயச்சாலையே ஏமாற்றுகிறதா, தபாலில் மாற்றினார்களா, அந்தத் தபால்காரன் அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தான், என்று மனம் நாலா பக்கமும் நாயாக ஓடிக்கொண்டிருந்தபோது பாவாயி சல்லடையோடு சமையற்கட்டு நிலைப்படியில் வந்து நின்று கத்தினாள், ஏனுங்க, போதும் நிறுத்துங்க, காலையில இருந்து ஒண்ணு அடங்கறதுக்குள்ள இன்னொண்ணு, காதுக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்குது, மாவு அளவே மறந்து போச்சு எனக்கு, எது அடங்கல, என்றார் இவர், அதுதாங்க, உங்க கையில இருக்குதே அதுதான், இப்பக்கூட இழுத்துக்கிட்டுக் கெடக்குது பாருங்க, அவர் நாணயத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ தொலைவுவரைக்கும் கூடவே போய் வழியனுப்புவதுபோல நின்றுவிட்டுச் சொன்னாள், இப்ப நின்னுருச்சு.

மாதேஸ்வரன் பழைய பத்து ரூபாயை எடுத்து விரலில் நிறுத்தித் தட்டினார், இந்தத் தடவை காதைத் தீட்டவில்லை, அவள் முகத்தையே பார்த்தார், அவள் கோபமெல்லாம் போய், கண் தானாக மூடிக்கொண்டது, இதுவா, கண்ணாலமான புதுசுல காட்டுனீங்களே, அதே சத்தம்தானுங்க, மாறவே இல்ல, சில்வண்டு போகவில்லை, கொசு ஊமையாகவில்லை, பாவாயி முனகவில்லை, அவள் எப்போதும்போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள், மில்லின் இருநூறு கதிர்களும் சேர்ந்து இவர் காதிலிருந்து நூல் நூற்றுக்கொண்டே போயிருக்கின்றன, மெல்லிய நூலை முதலில், இவர் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார், பாதி இலையில் எழுந்துபோன மாப்பிள்ளையின் முதுகு கண்முன் வந்தது, அவமானம் அவமானம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார், பாவாயி பயந்துபோய், என்னங்க, நெஞ்சு வலிக்குதா, என்று தோளைப் பிடித்தாள், போனைப் போடு, மாப்பிள்ளைக்கே போடு, என்றார்.

அவள் போனைச் சத்தமாக வைத்து அவருக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறாள், பட்டறையில் சுத்தியல்கள் கேட்கின்றன, தடித்த சத்தமெல்லாம் கேட்கத்தான் செய்கிறது, சொல்லுங்க, என்கிறான் ஞானவேல், மாமா என்ற சொல் இல்லாமல், மாப்பிள்ளை, ஒரு சத்தம் போடறனுங்க, என்னன்னு சொல்லோணும், இவர் விரல் நுனியில் நாணயத்தை நிறுத்தித் தட்டுகிறார், டக், அந்தப் பக்கம் யாரையோ அதட்டுவது கேட்கிறது, சுத்தியல்கள் நிற்கின்றன, கேக்குதுங்களா மாப்பிள்ளை, கேக்குது, நல்ல வெள்ளிதான், போலின்னு எவன் சொன்னான், எவனும் சொல்லலீங்க மாப்பிள்ளை, என் காது சொல்லுச்சு, அது செத்துப்போயிருச்சுங்க, அது செத்தது தெரியாம உங்களத் திருடன்னு நெனச்சுப்புட்டன், மன்னிச்சுக்குங்க, எனக்கு இப்ப அந்தச் சத்தம் ஒண்ணுமே கேக்கலீங்க, போனில் பேச்சே இல்லை, வைத்துவிட்டானா என்று பாவாயியைப் பார்க்கிறார், அவள் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள், அவள் கன்னத்தில் மாவு ஈரமாகிக்கொண்டிருக்கிறது, இருப்புக்கொள்ளாமல், நின்னுருச்சுங்களா, என்று கேட்கிறார், இல்லீங்க மாமா, என்கிறது தடித்த அந்தக் குரல், வெகு நிதானமாக, இன்னும் கேக்குது, கைய ஆட்டாமப் புடிங்க, நிக்கறப்ப நான் சொல்றன், இவர் ஆடாமல் பிடித்துக்கொள்கிறார், விரல் நுனியில் எறும்பு ஊர்வதைப் போல ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டே இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.