தொரட்டியில் வந்த மாலை

"செருப்பக் கைல புடிச்சுட்டுப் போறதுன்னா நீங்க மட்டும் போங்க. நா வரலீங்க." அத்தாயி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணுசாமி புதுச் செருப்பையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டசபைக்கு ஜெயித்தவருக்குச் சொந்த ஊரின் பெரிய தெரு கிலியாக இருந்தது. சேரி ஆட்கள் யாரும் அங்கே செருப்புக் காலோடு நடந்ததில்லை.

"பண்ணாடி கூப்புட்டு மரியாதை பண்றாரு. வம்பெதுக்கு புள்ள?"

"மரியாதைக்குத்தானுங்க சொல்றேன்."

அவருடைய அரசியல் நடந்த அழகெல்லாம் அவளுக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் எட்டாவது படித்தவர் என்று முன்பு தாலுகா போர்டில் நியமித்தார்கள். மற்ற மெம்பர்களுக்கு உள்ளே நாற்காலி. இவருக்கு வெளியே சன்னலோரம் முக்காலி. அங்கிருந்தபடியே கத்திக் கத்திச் சேரிக்கு ஒரு கிணறு வெட்ட வைத்துவிட்டார். முப்பத்தேழாம் வருஷம் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று சட்டசபையில் இடம் ஒதுக்கியபோது, ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து ஜெயித்தார்.

கண்ணுசாமி செருப்புக் காலோடே நடந்தார்; அத்தாயியும் கூட வந்தாள். தெரு வாயடைத்துப் போயிற்று. ஒரு நாய் மட்டும் குரைத்தது. அதுவும் வேறு எதையோ பார்த்து.

ஊரின் பெரிய நிலக்காரரான பண்ணாடி காளியண்ணன் வாசலில் பந்தல் போட்டு, சேலத்திலிருந்து போட்டோக்காரரையும் வரவழைத்திருந்தார். ஜேடர்பாளையத்து வாய்க்காலிலிருந்து அவர் வயலுக்கு ஒரு மதகு வேண்டும். அதைச் சட்டசபையில் கேட்க ஒரு மெம்பர் வேண்டும்.

"வாங்க, வாங்க!" என்றார், எட்ட நின்றபடியே. உடனே பண்ணையாள் ஒருவன், மாங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் சம்பங்கி மாலையை மாட்டி நீட்டினான்.

"கொஞ்சம் கழுத்தக் குனியுங்க" என்றார் போட்டோக்காரர்.

அத்தாயி புருஷனைப் பார்த்தாள். அவர் குனியவில்லை.

"நா மாங்கா இல்லீங்க, பண்ணாடி. கையால போட்டா வாங்கிக்கறேன். இல்லீன்னா போய்ட்டு வாரேனுங்க."

பண்ணாடியின் முகம் கறுத்தது. ஆனால் தண்ணீர் இல்லாத வயல் கண்ணில் நின்றது. மாலையைத் தாமே எடுத்து, விரல் படாமல் போடப் பார்த்தார். கண்ணுசாமி அந்தக் கையை எட்டிப் பிடித்துக் குலுக்கினார். போட்டோவும் பிடித்தாயிற்று.

இருவரும் தெருவில் இறங்கியதும் பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டியது. மாசிப் பனியில் பண்ணாடி நடுநடுங்கித் தீட்டுக் கழித்துக்கொண்டிருந்தார்.

கண்ணுசாமியின் நடை தளர்ந்தது. அத்தாயி பொங்கிச் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கும் வருவமுங்க" என்றாள், கிணற்றடிக்குக் கேட்கும்படி. "மதகு வார வரைக்கும் தெனமும் வந்து கை குடுத்துட்டுப் போலாம்."