அய்யனாரின் மாடு

கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஐப்பசி மழையில் கொட்டகைச் சுவர் சரிந்து புஷ்பவள்ளியின் கறவை மாடு செத்துப்போனது. வாசலில் கட்டியிருந்த கிடாரிக் கன்று மட்டும் பிழைத்தது. புருஷன் சின்னக்கருப்பு கண்ணை மூடுவதற்குச் சில வாரம் முன்பு, தானே பிரசவம் பார்த்து வெளியே இழுத்த கன்று. அவன் கை பட்ட உயிர் என்று வீட்டில் மிஞ்சியது அதுதான்.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. மீனாட்சிசுந்தரம் வந்தார். நல்ல மனுஷன், செத்த மாட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“மாட்டை யாரு பேருல எழுதணும்?”

“அய்யனாரு பேருல.”

“உங்க கொழுந்தனா?”

“கண்மாய்க் கரையில இருக்காருல்ல சார், அவரு. வீட்டுக்காரரு மதுரை ஆசுபத்திரியில கிடந்தப்ப நேந்து விட்டேன்.”

பக்கத்து வீட்டு ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். “அவருதான் அண்ணனைக் காப்பாத்தவே இல்லையே மதினி! பேசாம உங்க பேரைச் சொல்லுங்க.”

“அவரு செய்யலங்கிறதுக்காக நான் பேச்சு மாறுறதா?”

மீனாட்சிசுந்தரத்துக்கும் அதே அய்யனார்தான் குலசாமி. சாமி மாட்டை வேறொருவர் பேரில் எழுத அவருக்குக் கை வரவில்லை. உரிமையாளர் அய்யனார் என்றே எழுதிவிட்டார்.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா புஷ்பவள்ளியிடம் நிமிராமல் கேட்டார்.

“தகப்பன் பேரு?”

“சிவன்.”

“தாயார்?”

“பெருமாள்.”

குமாஸ்தா பேனாவை மூடினார். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது என்பது நினைவுக்கு வந்ததும், திறந்து எழுதிக்கொண்டார்.

தை பிறந்தபின் பதில் வந்தது. மனு தள்ளுபடி. மனுதாரர் அய்யனார், நீர்நிலைப் புறம்போக்கை ஆக்கிரமித்துக் குடியிருக்கிறார். மேலும், இறந்த மாட்டின் கன்றும் அவருடைய சொத்தே என்பதால், தொடர்பில்லாத புஷ்பவள்ளி என்பவரிடமிருந்து அதை மீட்க வேண்டும்.

மீட்க வருவாய் ஆய்வாளர் வள்ளியப்பன் ஜீப்பில் வந்தார்.

“தாயைத்தானே சார் நேந்தேன்? கன்னு எங்க வீட்டுக்காரரு கையால எடுத்ததுல்ல?”

“தாய் யாருதோ, பிள்ளையும் அவருதுதாம்மா.”

புஷ்பவள்ளி கயிற்றை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

“வெறும் வைக்கோலைத் திங்காது சார். பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கணும். சாயங்காலம் கொசுவுக்குப் புகை போடணும். ஆபீஸ்ல எங்குட்டு கட்டுவீக?”

கயிற்றைப் பிடித்தபடியே வள்ளியப்பன் போன் போட்டார். கோயில் துறையில், அந்தக் கோயில் தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். கால்நடைத் துறையில், வைத்தியம் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். சொந்த ஆபீஸில், வைக்கோல் வாங்க நிதி ஒதுக்கீடு கிடையாது என்றார்கள். அதற்குள் கன்று அவரை வேலியோரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினார். புஷ்பவள்ளி ஆகிய நான், அய்யனாருக்குச் சொந்தமான கன்றை, மறு உத்தரவு வரும்வரை என் சொந்தச் செலவில் பராமரிக்கச் சம்மதிக்கிறேன்.

புஷ்பவள்ளி நிதானமாகப் படித்தாள்.

“மறு உத்தரவு எப்ப சார் வரும்?”

வள்ளியப்பன் குரலைத் தாழ்த்தினார். “நான் வேலைக்குச் சேந்தப்பக் கேட்ட உத்தரவே இன்னும் வரலம்மா.”

அவள் கையெழுத்துப் போட்டாள். கயிற்றை வாங்கி உள்ளங்கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு, ஜீப் கண்மாய் முக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.