பத்தொன்பதாவது கேள்வியில் உட்கார்ந்திருந்தவன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் நிற்பவர்களும் வாருங்கள், எல்லோருக்கும் இடம் இருக்கிறது. கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் யாருக்காவது போன் போட வைக்கிற கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் வரவேற்பறையில், ஒரு திங்கட்கிழமை காலை, நாற்காலிக்கு ஒன்றாகப் பதினொரு தலைகள் உட்கார்ந்திருந்தன. கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. உட்கார்ந்த ஆளுக்குத் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், படிய வாரிய முடியோடு காற்றில் நின்றன. முதலில் பார்த்தவள் தரை துடைக்கிற அம்மா. இருபது வருடமாக வந்தவர் போனவரிடமெல்லாம் "காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவள். அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் துடைப்பத்தை நிம்மதியாக விட்டுத் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவள் ரெஜிஸ்டர் அக்கா. கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களோடு நடக்கிற எல்லாக் காரியமும் அவளுடைய நீல அட்டை நோட்டில்தான் ஏறும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது, இரும்புக் கயிறு கொண்டுவந்த கடைக்காரர் யார், வெளியிலிருந்து வந்த மெக்கானிக் எதைக் கழற்றி எதை மாட்டினார் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டால்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. முதலாளி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்க் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்த நாளில் நோட்டுக்குக் கெட்ட காலம் பிறந்தது. "இனிமே வெளியாளுங்க எல்லாம் ஆன்லைன்லயே ஃபாரம் நிரப்பட்டும்மா. மூணு கம்பெனி ஆளுக்கு ஒரு மாசம் சாஃப்ட்வேர் சும்மா தர்றாங்க. மூணையும் ஓட்டிப் பாத்துட்டு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். வெளியாட்களோடு பழகியவள் அவள் ஒருத்திதானே!

முதல் மாதத்துச் சாஃப்ட்வேர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது உள்ளே வேலை செய்பவர்களுக்காகச் செய்தது. வெளியாள் பெயரையும் போன் நம்பரையும் போட்டவுடன், கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்ட் வை, அதில் ஓர் எண்ணும் ஒரு குறியும் இருக்கட்டும், நீ வைத்தது போதாது, இன்னொன்று வை என்று வாசலிலேயே மறித்தது. ஜனங்கள் அந்த இடத்தில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். அப்படிப் போனவர்கள் எவ்வளவு நிரப்பினார்களோ அவ்வளவு உடம்பு மட்டும் வரவேற்பறைக்கு வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தால் நிரப்பியதை மட்டும் சொல்லும். பெயரும் போன் நம்பரும்தான் நிரப்பியிருந்ததால் தலை மட்டும் வந்தது. அது பெயரையும் போன் நம்பரையும் சொன்னது. அசல் ஆட்களுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்கிற மாதிரி ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவுதான். பதினொன்று நாற்பத்திரண்டாகப் பெருகிய பிறகு கம்ப்யூட்டர்காரர் வந்தார், தலைகளை எண்ணினார், திரையைப் பார்த்தார். "சாஃப்ட்வேர்ல தப்பே இல்லக்கா. முடிக்காத ஃபாரம் நாப்பத்திரண்டு, தலை நாப்பத்திரண்டு. டேலி ஆகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்து அந்தக் கணக்கை மூடியபோது தலைகள் ஒவ்வொன்றாக, பல்பு அணைவது போல அணைந்தன. அதில் ஒரு தலை ஏழு மாடிக் கட்டடத்துச் சொந்தக்காரருடையது. அவர் அதற்குப் பிறகு இந்தக் கம்பெனிப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பத்திரண்டு பேரில் திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். இதை ரெஜிஸ்டர் அக்கா மனதில் குறித்துக்கொண்டாள். அழித்தால் ஆள் வரமாட்டான்.

இரண்டாவதில் பாஸ்வேர்ட் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று கேட்டதும் முதலாளிக்குக் குஷி பிறந்துவிட்டது. உட்கார்ந்து முப்பத்துநான்கு கேள்வி எழுதினார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்தார். ஒன்றை விட்டாலும் அடுத்ததற்குப் போக முடியாது. நடுவில் மூடினால் மறுபடி முதல் கேள்வி. இந்த முறை மார்பு வரை வந்தார்கள், இடுப்பு வரை வந்தார்கள், முழங்கால் வரைகூட வந்தார்கள். ஓர் அம்மாளுக்குக் கால் கட்டைவிரல் இரண்டும்தான் பாக்கி. கடைசிக் கேள்வி கம்பெனி முத்திரையைப் படமெடுத்துப் போடச் சொன்னது. அவளிடம் முத்திரை இல்லை. செருப்பு நழுவுகிறது என்ற முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் தேதி காலை, ஜன்னலோர நாற்காலியில் இடுப்பு வரை வந்து உட்கார்ந்திருந்தவன் ரெஜிஸ்டர் அக்காவின் தம்பி.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்; லிஃப்ட் மோட்டார் வேலை கேட்டு ஃபாரம் நிரப்பத் தொடங்கியிருக்கிறான். விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி கிழித்த கோடுகள். அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. என்ன பெரிய சண்டை என்று கேட்பீர்கள். அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. தம்பியிடம் சொன்னாள். "நாளைக்கு வரேன்" என்றான். அந்த நாளை பதினொரு நாள் நீண்டது. குடம் சுமந்து இடுப்பு போன பன்னிரண்டாம் நாள், தெருமுனையில் கடை வைத்திருந்த ஒருவனைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் பையோடு வந்த தம்பி, புதுக் காயிலைப் பார்த்தான், வாசலிலேயே திரும்பினான். ஊரிலிருக்கிற மோட்டார் எல்லாம் அவன் கைபட்டு ஓடும்போது கூடப்பிறந்தவள் வீட்டு மோட்டாரை வேறொருவன் தொட்டுவிட்டான்! அவனுக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்கோ பதினொரு நாள் பொறுக்கவில்லை.

அவன் நின்ற இடம் பத்தொன்பதாவது கேள்வி. இந்த நிறுவனத்தில் பணிபுரிபவர் எவரேனும் உங்கள் உறவினரா? ஆம் எனில் உறவு முறையைக் குறிப்பிடுக. முன்பிருந்த ஸ்டோர் கீப்பர் ஒருவர் தன் மச்சானிடமே எல்லாச் சாமானும் வாங்கியதால் முளைத்த கேள்வி அது. இல்லை என்று போட்டால் பொய். ஆம் என்று போட்டால் அவன் முதலில் பேசியதாக ஆகிவிடும். அப்படியே போனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"சாப்பிட்டியாடா?"

"சிங்கிள் ஃபேஸ், த்ரீ ஃபேஸ் மோட்டார் இரண்டும்" என்றது இடுப்பு வரை இருந்த தம்பி.

"முடியெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சே!"

"அனுபவம் பதினெட்டு ஆண்டுகள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. தரை துடைக்கிற அம்மா வாளியோடு வந்து நின்றாள். "இங்க நின்னு அரை ஆளுகிட்ட பேசுறதுக்கு, அங்க முழு ஆளுக்கு ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள். "அவன்தான் மொதல்ல பேசணும். சின்னவன் அவன்தானே" என்றாள் அக்கா. "அப்ப சரி. ரெண்டு பேரும் நல்லா ஒசந்த நாற்காலியா பாத்து உக்காந்துக்குங்க. நான் துடைச்சிட்டுப் போறேன்."

ஆனால் நாற்காலிக்கு ஒரு கெடு இருந்தது. மாதக் கடைசி மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது கணக்கும் மூடப்படும். மூடினால் இவனும் அணைவான். ஒன்றை இரண்டாம் தடவை தொடங்குகிற பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிய பரீட்சையைக்கூட அப்படியே விட்டு வந்தவன். ஆறு வருடத்தில் அவன் அவள் பக்கம் வந்த தூரம் பதினெட்டுக் கேள்வி. அது போனால் இனி வராது.

மூன்றாவது சாஃப்ட்வேர்க்காரர் பெரிய திரையோடு வந்து, வண்ணப் படம், கட்டம், வட்டம் எல்லாம் காட்டினார். முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரெஜிஸ்டர் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பாதியில எழுந்து போனவங்க திரும்பி வந்தா எங்கேருந்து தொடங்கணும்?"

"விட்ட இடத்துலேருந்துதான் மேடம்."

"வேற இடத்துல பாதி நிரப்பினவங்களா இருந்தா?"

அவர் யோசித்தார். "அந்தப் பதிலை எல்லாம் நீங்களே இதுல போட்டு, அவங்களுக்கு லிங்க் அனுப்பலாம். லாகின் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். மீதியை மட்டும் நிரப்பினா போதும்."

"இதுதான்" என்று எழுந்துவிட்டாள். விலைப்பட்டியல் அவர் பையிலேயே இருந்தது.

பிறகு முதலாளியோடு உட்கார்ந்து கேள்விகளைக் குறைத்தாள். ஒவ்வொரு கேள்வியும் அவருக்குப் பெற்ற பிள்ளை. "கேக்காம எப்படிம்மா ஆளைத் தெரிஞ்சுக்குறது?" என்றார். "உங்க வீட்டம்மாவைக் கட்டிக்கிறப்ப எத்தனை கேள்வி கேட்டீங்க?" என்றாள். "ஒண்ணுகூடக் கேக்கல. அதனாலதான் சொல்றேன்" என்றார். கடைசியில் பன்னிரண்டுக்கு இறங்கினார். முத்திரை போனது. உறவினர் கேள்வியில் மட்டும் கைவைக்க விடவில்லை; நட்சத்திரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அது ஏழாவதாக நின்றது என்றாலும் கடைசிவரை ஆபீசில் அதற்குப் பத்தொன்பதாவது கேள்வி என்றே பெயர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் உதவிக் குறிப்பு போட ஓர் இடம் இருந்தது. அதில் அவள் இப்படி எழுதினாள்: "உறவு இருந்தால் இருக்கிறது என்று எழுதினால் போதும். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை."

மாதக் கடைசி நாள் காலையிலிருந்து அவள் வரவேற்பறையிலேயே மேசை போட்டுக்கொண்டாள். தரை துடைக்கிற அம்மா நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தெட்டு அரைகுறை மனிதர்கள் முறை வைத்து, தாங்கள் நிரப்பியதைத் தாங்களே ஒப்பித்தார்கள். இருபத்திரண்டு வருடம் நோட்டு எழுதிய கை அதைத் தட்டிக்கொண்டே போனது. தம்பியைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அவன் பதினெட்டையும் சொல்லி முடித்தபோது மணி ஐந்துக்கு நான்கு நிமிடம். ஐந்து அடித்தது. கணக்கு மூடியது. அத்தனை பேரும் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள்; ஒருவரும் அணையவில்லை. "நாளைக்கும் இதுங்களைச் சுத்தித் துடைக்கணுமா?" என்றாள் துடைக்கிற அம்மா, வாயெல்லாம் பல்லாக.

லிங்க் போனது. ஜனங்கள் பஸ்ஸுக்கு நின்றபடியும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையாலும் மீதியை நிரப்பினார்கள். வரவேற்பறையில் ஒருவருக்கு முழங்கால் முளைத்தது, ஒருவருக்குப் பாதம். முளைத்தவர்கள் எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து போனார்கள். முத்திரை அம்மாள் கட்டைவிரல்களை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டாள். எட்டு நாளில் நாற்காலிகள் காலி. ஜன்னலோரத்தில் ஒருவன் மட்டும் இருந்தான். சாஃப்ட்வேர் தானாகவே அவனுக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பியிருந்தது. மூன்றாவதுதான் கடைசி.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாவது போனது. பதினொன்றே காலுக்கு ஜன்னலோர நாற்காலி கிறீச்சிட்டது. தொடை வந்தது, முழங்கால் வந்தது, பாதம் வந்தது. செருப்பின் வார் அறுந்து செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. எழுந்து நின்றவன் அவளைப் பார்த்து, "ஆம். அக்கா. ஒரே அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். திரையிலும் அதேதான் இருந்தது. கடைசியில் "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா" என்ற பெட்டியில், நட்சத்திரம் இல்லாத அந்த ஒரே பெட்டியில், எழுதியிருந்தான்: "மோட்டார் ஓடுதா?"

உறவினர் என்று வந்தால் படிவம் நேராக முதலாளியிடம் போகும்படி வைத்திருந்தது. அவர் அவளைக் கூப்பிட்டார். "ரெண்டு பட்டன் இருக்கும்மா. ஏற்றுக்கொள், திருப்பி அனுப்பு. எதை அமுக்க?"

"திருப்பி அனுப்புங்க. காரணத்தை நான் சொல்றேன்."

அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: "ஓடுது. ஆனா சத்தம் போடுது. வந்து பாரு." தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆமா, தப்பு யார் மேல?"

"அதைத்தான் கேக்கலைன்னு கீழ போட்டிருக்கே சார்."

அவன் நாளைக்கு வரேன் என்று சொல்லவில்லை. அன்று மாலையே பையோடு வந்தான். நேராக மோட்டாரிடம் போய் மூடியைக் கழற்றி, "எவன் கட்டினான் இதை? காயிலா இது, குருவிக்கூடு!" என்றான். "நீ வராதப்ப வந்தவன் கட்டினது" என்றாள்.  பிறகு அவன் ஸ்பானரைக் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அவன் படிவத்தைத் திருத்தி அனுப்பினான், முதலாளி ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சாஃப்ட்வேரையே கம்பெனி பல வருடம் வைத்துக்கொண்டது. இப்போதும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் மார்பு வரையோ இடுப்பு வரையோ வந்து உட்கார்வதுண்டு. அவர்களுக்காக ஜன்னலோரம் நாலு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். முழு ஆளாக வருபவர்கள் பார்த்து, இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். தரை துடைக்கிற அம்மா கால் இருக்கிறவர்களிடம் மட்டும் தூக்கச் சொல்வாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து பாதியில் எழுந்துபோனவர் யாராவது இருந்தால், அவர் திரும்பும்போது முதல் கேள்வியிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலேயே கதவு திறக்கட்டும். உங்கள் வீட்டில் தண்ணீர் தடையில்லாமல் ஏறட்டும். எல்லாரும் முழுசாக, கட்டைவிரல் வரைக்கும் முழுசாக, நல்லா இருங்கள்.