மீசை வைத்த படம்

கிட்ட வந்து இருங்கோ, என்ர மக்கள். வாசலிலை நிண்டால் காத்து என்ர கதையை அள்ளிக்கொண்டு போயிடும். இண்டைக்கு ஒரு படத்தின் கதை சொல்லப் போறன். சினிமாப் படம் இல்லை, சுவரில் தொங்கின படம். கேட்க மனம் கொஞ்சம் கனக்கும். நெருங்கி இருந்தால் தாங்கலாம்.

உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு குடியேற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயல் செய்த சனம். குளம் இருந்தது, வாய்க்கால் இருந்தது. பொழுதுபட்டால் நாலு பேர் கூடியிருக்க மட்டும் ஓரிடம் இல்லை. அதை உண்டாக்கினவன் வீரகத்தி. தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, சனசமூக நிலையம் என்று பெயரும் எழுதி மாட்டினான். பேப்பர் வாசிப்பது அங்கே, பேச்சுப் போட்டி அங்கே, வருசத்துக்கொரு நாடகமும் அங்கேதான்.

அந்தக் காலத்தில் பெண்கள் மேடையேற மாட்டினம்தானே. வீரகத்திக்கு ஒடுங்கின முகம், மெல்லிய குரல். ஒவ்வொரு நாடகத்திலும் அவன்தான் ராணி. பெண்சாதி கமலாசனி தன் கூறைச் சேலையை எடுத்துத் தன் கையாலேயே உடுத்திவிடுவாள்.

"அசையாமல் நில்லுங்கோ. கொய்யக மடிப்புக் குலையுது."

"மெல்ல இழுத்துக் கட்டப்பா. ராணிக்கு மூச்சு முட்டுது."

"ராணியின்ர முழங்காலிலை வரம்புச் சேறு கிடக்கு. முதல் அதைக் கழுவிப்போட்டு வாருங்கோ."

அப்படி ஒரு நாடகத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து படம் பிடிக்கிறவர் ஒருவர் வந்திருந்தார். ராணி வேசத்தோடு வீரகத்தியை மேடைக்குப் பின்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். உடம்பிலே கமலாசனியின் கூறை, காதிலே அவளுடைய தோடு. சிரிப்பை வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிற முகம். அவன் உயிரோடு இருந்த காலத்தில் எடுத்த படம் அது ஒன்றுதான்.

கொட்டிலைக் கல்லுக் கட்டடமாக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. கூரைக்கு மரம் தறிக்கக் காட்டுக்குப் போனான். பாலைமரம் நினைத்த பக்கம் விழவில்லை. போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கமலாசனியின் வயிற்றில் அப்போது பிள்ளை.

பிறந்தவள் விமலேஸ்வரி. அவளுக்கு அப்பா என்றால் அந்தப் படம்தான். காலையில் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படத்தையும் கும்பிடுவாள். அயல் பிள்ளைகள் விடுவார்களா?

"சீலை உடுக்கிற கொப்பரோ உன்ர கொப்பர்?"

"ஓம். உன்ர கொப்பருக்கு உடுக்கத் தெரியாது," என்பாள்.

அவளுக்கு ஐந்து வயதாகும்போது கட்டடம் எழும்பிவிட்டது. திறப்பு விழாவுக்கு அரசாங்கத்துக் காரியாதிகாரி வருகிறார். அவர் முன்னிலையில் வீரகத்தியின் படத்தையும் திறந்து வைப்பதென்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். நிலையத்தின் தலைவர் அப்புத்துரையும், நாடகங்களில் ராசாவாக வருகிற யோகலிங்கமும் கமலாசனியிடம் வந்தார்கள்.

அவள் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். யோகலிங்கம் அதைக் கண்டதும் தலை குனிந்துகொண்டான். மேடையில் எத்தனை தரம் அந்தக் கழுத்துக்கு மாலை போட்டவன் அவன்!

"வேற இல்லையோ, தங்கச்சி?" என்று அப்புத்துரை கேட்டார்.

"வேற எங்காலை அண்ணை? கலியாணத்துக்கே எடுக்கேல்லை."

"பெரிய மனிசர் வந்து நிக்கேக்கை, திரைக்குள்ளை ராணி நிண்டால் சனம் சிரிக்குமெல்லே? செத்தவனைப் பகிடி பண்ணின மாதிரிப் போயிடும். யாழ்ப்பாணத்திலை ஸ்ரூடியோவிலை குடுத்தால் சீலையை மறைச்சுக் கோட்டுப் போட்டு, மீசையும் வைச்சுத் தருவினமாம்."

"அவர் மீசை வைச்சதே இல்லையே."

"சுவரிலை தொங்கிறவனுக்கு மீசை வேணும், பிள்ளை."

"முகம் மாறாதே, அண்ணை?"

"முகத்திலை அவன் ஏன் கை வைக்கிறான்?"

"இந்தப் படம் எனக்குத் திரும்பி வருமெல்லோ?"

"வராமல்? இதைப் பாத்து வேற ஒண்டு செய்வான். இது உன்ர கைக்கு வரும்."

அப்புத்துரையைக் கோபிக்க வேண்டாம், மக்கள். தன் சிநேகிதனின் மானத்தைக் காக்கத்தான் அந்த மனிசன் நினைத்தது. கமலாசனி சேலைத் துண்டொன்றில் படத்தைச் சுற்றிக் கொடுத்தாள்.

விழாவன்று காலை வாழை கட்டி, தோரணம் கட்டி, ஒலிபெருக்கியும் பூட்டியிருந்தார்கள். கைம்பெண் என்று கமலாசனி கடைசித் தூணோடு ஒதுங்கி நின்றாள். படத்தின் திரையை இழுக்க மகளைத்தான் மேடைக்கு ஏற்றினார்கள். பிள்ளை கயிற்றை இழுத்தது. சனம் கைதட்டியது.

உள்ளே கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்ட ஒரு மனிசன். தடித்த மீசை. முகம் முழுக்க மை தீட்டி, வாயைக் கோடு போட்ட மாதிரி நேராக்கியிருந்தார்கள். அடக்கி வைத்த அந்தச் சிரிப்பு எங்கேயும் இல்லை.

விமலேஸ்வரி படத்தைப் பார்த்தாள். விலகிக் கிடந்த திரையைத் தூக்கி அதற்குப் பின்னாலும் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவை எங்கை வைச்சிருக்கினம்?"

ஒலிபெருக்கியில் அது எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. காரியாதிகாரி பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

சனம் கலைந்த பிறகு கமலாசனி அப்புத்துரையிடம் வந்தாள்.

"அண்ணை, என்ர படம்?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"அதுதான் இது, தங்கச்சி. அந்தப் படத்துக்கு மேலையே மையாலை கீறிப்போட்டாங்கள். எடுக்கப் போன பிறகுதான் எனக்கும் தெரியும். இன்னொரு பிரதி எடுப்பமெண்டு முதல் படம் பிடிச்ச ஆளையும் தேடினனான். கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிட்டாராம்." பெரிய மனிசன், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அழுகிறவரை அவள் என்னத்தைக் கேட்பாள்? மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம், மகளையும் கூட்டிக்கொண்டு ஈரத் துணியொன்றோடு நிலையத்துக்கு வந்தாள். யோகலிங்கம் மட்டும் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் கதிரையை இழுத்துப் போட, அவன் எழும்பி வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டான். அவள் படத்தை இறக்கி, பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து வைத்தாள்.

"துடைச்சால் அப்பா வந்திடுவாரோ, அம்மா?"

"பாப்பம்."

துணி மீசைக்குக் கிட்டப் போயிற்று.

"அம்மா, நில்லுங்கோ! இதிலை தோடு இருக்கு."

பிள்ளை விரல் வைத்த இடத்தை அவள் குனிந்து பார்த்தாள். இடது காதடியில் மை படாமல் ஒரு வெள்ளைப் பொட்டு, கடுகளவுதான். கீறினவன் கண்ணுக்குத் தப்பிப் போன அவளுடைய தோட்டுக் கல்.

கமலாசனியின் கை நின்றுவிட்டது. துடைத்தால் மை மட்டுமா போகும்? அடியில் கிடப்பது கடதாசிதானே. அவள் கனநேரம் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்து, பலகையைப் பூட்டி, படத்தை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"அழியாமல் கிடக்கட்டும்," என்றாள், யோகலிங்கத்துக்குச் சொன்னாளோ, தனக்குத்தான் சொன்னாளோ.

அதன்பிறகு விமலேஸ்வரி வாசிக்கப் போகும் நாளெல்லாம் கதிரையில் ஏறி, அந்தக் காதடியில் விரலை வைத்துவிட்டுத்தான் புத்தகம் எடுப்பாள். தூசி படிந்த கண்ணாடியில் அந்த இடம் மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது.

கதை அவ்வளவுதான், என்ர செல்வங்கள். கண்ணைத் துடைச்சுக்கொண்டு வீட்டை போங்கோ. உங்கட வீட்டாலை வேலைக்குப் போறவை பொழுதுபட முன்னம் கால் நடையாய்த் திரும்பி வரட்டும். உங்கட அடுப்பிலை உலை கொதிக்கட்டும். உங்கட ஆக்களின்ர சிரிப்பை நீங்கள் படத்திலை தேடாமல், பக்கத்திலை இருந்து கனகாலம் பாக்க வேணும்.